கிளிப்புக்குப் பதிலா ஒரு ஆணி

கையிங்களா? டிராக்டர்ல இருந்து குதிச்சனுங்க. வேணும்னேதான் குதிச்சேன், தவறி உழுகலை. தவறி உழுந்ததாத்தான் ஊருக்குள்ள பேச்சு. ஊருக்கென்ன, பேசும்.

சித்த தள்ளி உக்காருங்க, உங்க கால்மேல எங்கையி பட்டுறப் போகுது. இங்க எப்பவும் இப்படித்தானுங்க. கட்டுப் போடற வைத்தியரு வெள்ளன வரச் சொல்லுவாரு, ஆனா பத்து மணிக்கு மேலதான் மூங்கப்பட்டையச் சீவவே ஆரம்பிப்பாரு. எனக்கு இது மூணாவது கட்டு. பெரிய ஆசுபத்திரிக்குப் போலாம்னா என்ற ஊட்டுக்காரி. அங்க போனா என்ன சொல்லுவாங்க? பிளேட் வெக்கோணும்பாங்க, கிழிக்கோணும்பாங்க. இருக்கறத வெச்சுச் சரி பண்ணத் தெரியாதவந்தானுங்க கிழிக்கறேங்கறான். இங்க பாருங்க, முட்டை வெள்ளை, உளுந்து மாவு, துணி, நாலு பட்டை. வேலை முடிஞ்சுது. ரெண்டு வெரலு இன்னும் மடங்க மாட்டேங்குது. எலும்பு கொஞ்சம் கோணலாக் கூடியிருக்குதுங்கறாங்க. கோணலா இருந்தா என்னங்க. கையின்னா நேராத்தான் இருக்கோணும்னு சட்டமா.

பேரு கொழந்தசாமி. தாராபுரம் போற வழியில காத்தாடியா நட்டு வெச்சிருக்கானுங்களே, அந்தக் காட்டுப்பக்கம் எங்க ஊரு. ஆறு ஏக்கரா, ஒரு கெணறு, ஒரு போரு. சின்ன வெங்காயம் போடுவோம், மக்காச்சோளம் போடுவோம். பையன் ஒருத்தன், ஓசூருல வேலை. ஊட்டுல நானும் சரசாத்தாளுந்தான். சரசாத்தா என்ற ஊட்டுக்காரி. அவளப் பத்தித்தானுங்க சொல்லப் போறேன். எனக்குக் கையி ஒடைஞ்சது பெருசில்லை. அதுக்கப்புறம் அவ பண்ணுனது இருக்குதுங்களே, அதத்தான் என்னால சகிக்க முடியலை.

என்ற ஊட்டுல எந்தச் சாமானுக்கும் வெளியாளு கை பட்டதில்லைங்க. எல்லாம் நானே. போர் மோட்டாரு ஸ்டார்ட்டரு பட்டன் நிக்க மாட்டேன்னுது, வேலாங்குச்சியச் சீவி முட்டுக் குடுத்தேன், நின்னுக்கிச்சு. குளிக்கற ரூமுக் கதவு உளுத்துப் போச்சு. உரக்கடைத் தகர போர்டு ஒண்ணு சும்மா கெடந்துது, அத மடிச்சு மாட்டுனேன். 'பூச்சி மருந்து இங்கு கிடைக்கும்'னு எழுதுன பக்கம் வெளிய தெரியும். ஒறம்பரைக்காரங்க வந்தாச் சிரிப்பாங்க. சிரிக்கட்டும், உள்ளாற நின்னு குளிக்கறவளுக்குத் தெரியாதில்ல. கேஸ் அடுப்புத் திருகு ஒடைஞ்சுது. கட்டிங் பிளேயர் ஒண்ணக் கயித்துல கட்டி அடுப்புகிட்டயே தொங்க விட்டேன். புடிச்சுத் திருகுனா எரியும். இதுக்குப் போயி கடைக்காரன் அடுப்பையே மாத்தோணும்ங்கறான்.

மாத்தோணும். இந்த ஒரு சொல்லக் கேட்டாலே எனக்கு ஒமட்டுதுங்க. எவனக் கேட்டாலும் மாத்தோணும். மிக்சி ஜார மாத்தோணும், பைப்ப மாத்தோணும், பேரிங்க மாத்தோணும். ஏண்டா, உங்கப்பனுக்கு முட்டி வலிச்சா அப்பனையே மாத்துவியான்னு ஒரு கடையில கேட்டே போட்டேன். அவன் பல்லக் காட்டிட்டு நிக்கறான். வேலை தெரியாத பசங்க. அட்டைப்பொட்டியப் பிரிச்சுப் புதுச எடுத்து வெக்கறதுக்குப் பேரு ரிப்பேருங்களா. கருமம்.

டிராக்டரு பதினாலு வருசத்துக்கு முந்தி புதுசா எடுத்ததுங்க. பொம்பளை பேருல எடுத்தா மானியம் தோதா வரும்னு சொன்னாங்க, அதனால ஆர்.சி. புக்கு சரசாத்தா பேருல. பேருதான் அவளுது. வண்டி என்றதுதான். எல்லா ஊட்டுலயும் அப்படித்தானுங்களே. ரேசன் கார்டுல குடும்பத் தலைவின்னு போட்டிருக்கறாங்க, அதுக்காக அவ தலைவியாயிர முடியுமா.

அந்த வண்டிக்கு நான் ஒரு மெக்கானிக்கக் கிட்ட விட்டதில்லை. செல்ஃப் மோட்டாரு போயிருச்சு. போகட்டும், மேட்டுல நிறுத்தி வெச்சா காலைல தள்ளிவிட்டு ஸ்டார்ட் பண்ணிக்கலாம். டீசல் டேங்கு மூடி தொலைஞ்சு போச்சு, மக்காச்சோளச் சக்கையில துணியச் சுத்தி அடைச்சேன். வலது பிரேக்கு புடிக்காது, எடது புடிக்கும். மிதிச்சா எடப்பக்கம் இழுக்கும், அதுக்குத் தகுந்தாப்புல நாம ஸ்டேரிங்க வளைச்சுக்கோணும். வண்டியோட கொணம் தெரிஞ்சவனுக்கு அதெல்லாம் ஒரு கொறையே இல்லைங்க. வேற ஒருத்தன் ஏறி உக்காந்தா ஒரு பர்லாங்கு ஓட்ட மாட்டான். அதுவும் ஒரு பாதுகாப்புத்தானே. திருடன் கொண்டு போக முடியாது.

இப்ப அந்தப் பின்னு சமாச்சாரத்துக்கு வர்றேன். டிராக்டரையும் டிரெய்லரையும் சேத்துப் புடிக்கறது ஒரே ஒரு பின்னுங்க. ஒரு சாண் நீளம், நல்ல கனம். மேல இருந்து சொருகுனா அடியில வந்து நிக்கும், அடியில ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில ஒரு கிளிப்பு மாட்டோணும். கிளிப்பு இருந்தா, வண்டி எத்தனை குதிச்சாலும் பின்னு மேல எந்திரிக்காது. அந்தக் கிளிப்பு எங்கியோ உழுந்துருச்சு. நான் ஒரு ஆறங்குல ஆணிய விட்டுச் சுத்தியில தட்டி வளைச்சுட்டேன். கிளிப்பு பண்ற வேலைய ஆணி பண்ணாதுங்களா? மூணு மாசம் பண்ணுச்சே.

போன வைகாசியில வெங்காய நடவு. ஒம்பது பொம்பளையாளுங்க. அவங்க குடியிருக்கற வீதியில இருந்து எங்க தோட்டம் ரெண்டு மைலு. டிரெய்லர்ல ஏத்திக் கூட்டிட்டு வந்து, சாயங்காலம் கொண்டு போயி உடறது வழக்கம். மொத நாளே சரசாத்தா குனிஞ்சு பாத்துட்டு வந்து சொல்றா.

"ஏனுங்க, அந்த ஆணி தேஞ்சு நூலாட்டம் ஆயிருச்சுங்க. கடைவீதிக்குப் போறப்ப ஒரு கிளிப்பு வாங்கியாங்க."

"உன்ற வேலையப் பாரு. ஆணியப் பத்தி உனக்கென்ன தெரியும்."

ரெண்டா நாளும் சொன்னா. சோத்தப் போட்டுட்டுச் சொல்றா. வாய்ல சோத்த வெச்சுக்கிட்டு என்னத்தப் பேசறது. மூணா நாள் காலைல, நான் வண்டியத் தள்ளறதுக்கு ஆளக் கூப்பிட்டுட்டு நிக்கறேன், அப்பப் போயி முன்னால வந்து நின்னுக்கிட்டா.

"ஆளுங்க இன்னைக்கு நடந்தே வரட்டுங்க. நான் போனு பண்ணிச் சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டுச் சொன்னே?"

"அந்த ஆணிய நம்பி உசுருங்கள ஏத்தக் கூடாதுங்க."

காலங்காத்தால இப்படி ஒரு பேச்சு வருதுங்களா ஒருத்தி வாய்ல இருந்து. எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம். நடந்து வந்தா வெயிலுக்கு முன்ன ஒரு பாத்தி நட முடியுமா. நான் மாராக்காளுக்குப் போனப் போட்டு, எல்லாரும் அங்கியே நில்லுங்க, வண்டி வருதுன்னுட்டேன். மாராக்காதான் அந்தக் குழுவுக்கு மூப்பு. ஆளச் சேத்துக் கூட்டிட்டு வர்றது அவதான். இருவது வருசமா எங்க காட்டுல நடவுன்னா அவதான்.

நான் என்ன சொல்றன்னுங்களா, மூணு நாளா ஒருத்தி அந்த ஆணி ஆணின்னு சொல்லிக்கிட்டே இருந்தா, அது வேற என்னங்க பண்ணும். இரும்பா இருந்தாலும் விட்டுத்தான் போகும். அவ வாயத் தொறக்காம இருந்திருந்தா அன்னைக்கு ஒண்ணும் ஆயிருக்காது. நான் அத இன்னைக்கும் நம்பறேன்.

வீதியில ஆளுங்கள ஏத்திட்டு வர்றேன். வாய்க்காப் பாலம் வருமுங்க, கொஞ்சம் மேடு. பாலத்துல ஏறறப்ப டக்குன்னு வண்டி லேசாச்சு. பாரம் கொறைஞ்சா என்ஜின் சத்தமே வேறயா இருக்கும், ஓட்டறவனுக்குத் தெரியும். எனக்கு என்ன தோணுச்சுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. பரவால்லியே, நேத்து ஃபில்டரச் சுத்தம் பண்ணுனது நல்லா வேலை செய்யுதேன்னு நெனச்சேன். நெசமா அப்படித்தான் நெனச்சேன்.

அப்பறந்தான் சத்தங் கேட்டுது. திரும்பிப் பாத்தா, டிரெய்லரு தனியாப் பின்னால போயிக்கிட்டிருக்குது. முன்கொக்கி தார்ல தேச்சுக்கிட்டு, பொறி பறக்கப் போகுது. ஒம்பது பொம்பளைங்களும் ஒருத்திய ஒருத்தி புடிச்சுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டுப் போறாங்க. நான் வண்டிய நிறுத்தக் கூட இல்லைங்க, அப்படியே குதிச்சேன். ஓடிப் போயிக் கையில புடிச்சு நிறுத்திறலாம்னு. டிரெய்லரக் கையில புடிச்சு நிறுத்த முடியுமான்னு நீங்க கேப்பீங்க. முடியாதுதான். அந்த நேரத்துல யாரு யோசிக்கறது. குதிச்சப்பவே கையி மடிஞ்சு போச்சு. எந்திரிச்சு ஓடுனேன், எட்டலை.

டிராக்டரு ஆளில்லாமப் போயி ஒரு வேலமரத்துல முட்டி நின்னுக்கிச்சு. டிரெய்லரு சரிவுல எறங்கி ஒரு பக்கமாச் சாஞ்சுது. பின்கதவு கொக்கி தேஞ்சு போயி, அத நான் கட்டுக்கம்பியில கட்டி வெச்சிருந்தேன். கம்பி நல்ல கம்பிதான். ஆனா அத்தனை பேரு பாரமும் ஒரே பக்கம் வந்தா எந்தக் கம்பிங்க தாங்கும். கதவு தொறந்துக்கிச்சு. விதை வெங்காய மூட்டைமேல உக்காந்திருந்தது மாராக்கா. மொதல்ல உழுந்தது அவ, அவமேல மூட்டை, கால்மேல கதவு. மத்தவங்களுக்குச் செராய்ப்புத்தான். மாராக்காளுக்கு வலதுகால் முட்டிக்குக் கீழ ரெண்டா மடங்கிப் போச்சு. எலும்பு வெளிய தெரிஞ்சுது. நான் பாத்தேன்.

அவ கத்தலைங்க. மத்தவளுக எல்லாம் கத்துறாளுக, அவ வானத்தப் பாத்துக்கிட்டு, "பண்ணாடி எங்க, பண்ணாடி உழுந்துட்டாங்களே, பாருங்கடி"ங்கறா. எங்க பக்கம் நெலம் வெச்சிருக்கறவனப் பண்ணாடின்னுதான் சொல்லுவாங்க. கால் தொங்குது, அவ என்னையக் கேக்கறா.

பின்னால டி.வி.எஸ்.ல சோத்துப் போசியோட சரசாத்தா வந்துட்டா. அவ வந்தப்ப நான் ரோட்டுல குனிஞ்சு தேடிக்கிட்டிருந்தேன். ஒரு கையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில மண்ண வெலக்கி வெலக்கிப் பாத்துக்கிட்டு.

"என்னங்க தேடறீங்க?"

"ஆணிய."

ஆணி அந்தண்ட முழுசாக் கெடந்திருந்துதுன்னு வெய்ங்க, அப்ப அது ஒடையலை, வேற எதோ காரணம்னு ஆகுதில்ல. அதத்தான் தேடுனேன். தப்புங்களா? காரணந் தெரியோணுமில்ல. அவ பாத்தா. மாட்டுச் சாணிய மிதிச்சுட்டு நாம காலத் தூக்கிப் பாக்கறமே, அப்படிப் பாத்தா. முப்பத்தோரு வருசம் குடும்பம் நடத்துனவ புருசனப் பாக்கற பார்வைங்களா அது. அப்பறம் எறங்கிப் போயி, டிரெய்லர் பலகை ஒண்ணப் பேத்து, தலைத்துணியக் கிழிச்சு மாராக்கா காலச் சேத்துக் கட்டி, அவ தலையத் தன் மடியில வெச்சு உக்காந்துக்கிட்டா. ஆம்புலன்சு வர்ற வரைக்கும் எம்பக்கம் திரும்பலை.

கவர்மெண்டு ஆசுபத்திரியில மாராக்காள எப்படி உழுந்தேன்னு கேட்டிருக்காங்க. வாய்க்கா மேட்டுல வழுக்கிட்டேன்னு சொன்னாளாம். நான் சொல்லச் சொல்லலைங்க. சத்தியமா நான் ஒரு வார்த்தை சொல்லலை. கூட இருந்த எட்டுப் பேரும் அதையே சொல்லிட்டாளுக. எதுக்குங்க அந்தப் பொய்யி? நான் கேட்டனா? நடந்தத நடந்தாப்புலச் சொல்லித் தொலைச்சிருந்தா, என்ன வருதோ வரட்டும்னு நானும் போயி நின்னிருப்பேன். இப்ப ஊருக்குள்ள எதுத்தாப்புல வர்றவன் எல்லாம், "மாராக்கா வழுக்கி உழுந்துட்டாளாமா"ன்னு எங்கிட்டயே கேட்டுட்டுச் சிரிக்காம சிரிச்சுட்டுப் போறான். தூ.

நாலாம் நாள் நான் கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கறேன். டிராக்டர் சாவிய ஆணியில மாட்டியிருப்பேன், காணோம். கேட்டா, அவ தாலிக்கொடியில ஊக்கப் போட்டுக் கோத்து வெச்சிருக்கறா.

"என்ன புள்ள இது?"

"வண்டி எம்பேருலதானுங்க இருக்குது."

பதினாலு வருசத்துல ஒரு நாள் அவ அதச் சொன்னதில்லை. எடுத்தப்ப ஒரு கையெழுத்துப் போட்டா, அதோட சரி. இப்பச் சட்டம் பேசறா. தாலிக்கொடியில கெடக்கற சாவிய நான் எப்படிங்க புடுங்கறது. அங்க கை வெக்க முடியுமா. யோசிச்சுத்தான் அங்க மாட்டியிருக்கறா.

அடுத்த வாரம் இங்க ரெண்டாவது கட்டுக்கு வந்துட்டு ஊட்டுக்குப் போறனுங்க. வாசல் நெறைய ஆளு. கரண்டு வேலைக்காரன் ஒருத்தன், பைப்புக்காரன் ஒருத்தன், டவுன்ல இருந்து சாதிக்னு ஒரு மெக்கானிக்கு. வாசல் நடுவுல ஒரு குமி. கிட்டப் போயிப் பாத்தா எல்லாம் என்றது. ஸ்டார்ட்டருக்கு முட்டுக் குடுத்த குச்சி, கட்டிங் பிளேயரு, உரக்கடை போர்டு, பைப்புல நான் சுத்துன சைக்கிள் டியூப்பு, டீசல் டேங்குச் சக்கை, சைலன்சர்ல சுத்துன தகரம், கம்பி, கம்பி, எத்தனை கம்பி. கட்டில் காலுக்கு வெச்ச தென்னந்துண்டக் கூட விடலைங்க. நான் உக்காந்து உக்காந்து ஒவ்வொண்ணா யோசிச்சுப் பண்ணுனது. நான் இங்க வந்துட்டுப் போறதுக்குள்ள பேத்துக் குமிச்சுட்டா.

"இதெல்லாம் உங்களுதுங்க. நான் தூக்கி எறியலை. எங்க வேணும்னாலும் வெச்சுக்குங்க. ஊட்டுக்குள்ள மட்டும் வேண்டாம்"ங்கறா.

வெளியாளுங்க முன்னாடிங்க. நான் என்ன பண்றது. அந்த மெக்கானிக்குப் பையன் அந்தக் கம்பிக் கத்தையக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தான். நல்ல பையன், சிரிக்கலை.

"ஏனுங்க, இத வெச்சா இத்தனை வருசம் ஓட்டுனீங்க? எப்படிங்க ஓடுச்சு?"ன்னான்.

பாத்தீங்களா. வேலை தெரிஞ்சவனுக்கு வேலையோட அருமை தெரியுது. அவன் அதப் பாராட்டித்தான் சொன்னான். சரசாத்தாளப் பாத்தேன், கேட்டியான்னு. அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அவளுக்கு அது புரியலை.

மாத்திட்டாங்க. எல்லாத்தையும் மாத்திட்டாங்க. இப்ப ஊட்டுல எந்தச் சுச்சப் போட்டாலும் மொத தடவையே எரியுது. அடுப்புத் திருகு வழுவழுன்னு திரும்புது. பாத்ரூம் கதவுல ஒரு எழுத்தில்லை, ஒண்ணுமில்லை, பிளாஸ்டிக்கு, ஆசுபத்திரிக் கதவாட்டம். எனக்கு அந்த ஊட்டுல இருக்கவே புடிக்கலைங்க. யாரு ஊட்டுக்கோ ஒறம்பரைக்கு வந்தாப்புல இருக்குது. தண்ணி சொட்டற சத்தங் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். இப்பச் சொட்டறதும் இல்லை.

அதோட விட்டாளா. அந்த மெக்கானிக்கு சாதிக்கையே பத்து நாள் வரச் சொல்லி டிராக்டர் ஓட்டப் பழகிட்டா. அம்பத்திரண்டு வயசு. சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, தலையில துண்டக் கட்டிக்கிட்டு ஏறி உக்காந்துக்கறா. சாவியப் போட்டா ஒரே திருகு, வண்டி ஸ்டார்ட் ஆகுது. மேடு தேடறதில்லை, தள்ள ஆளத் தேடறதில்லை. பிரேக்க மிதிச்சா நேரா நிக்குது. அப்படி ஒரு வண்டிய எவன் வேணும்னாலும் ஓட்டுவான், அதுல என்ன கெட்டிக்காரத்தனம் இருக்குது. அஞ்சு கலப்பைய மாட்டி கெழக்குக் காட்ட ஓட்டுனா. நான் வரப்புல நின்னு பாத்தேன். கோடு நேராத்தான் இருந்துது. அதச் சொல்லோணுமில்ல. நேராத்தான் இருந்துது. நான் ஓட்டுனா அந்தக் கெழக்கோரத்துல ஒரு வளைவு வரும், அந்தப் பிரேக்கால. எங்கப்பன் காலத்துல இருந்து அந்தக் காட்டுக்கு அப்படி ஒரு வளைவு உண்டுன்னே நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

ஆளுங்க இப்ப டிரெய்லர்ல வர்றதில்லை. ஆட்டோ வருது. ஒம்பது பேருல எட்டுப் பேரு வந்துட்டாங்க. மாராக்கா வரலை. கால்ல பிளேட் வெச்சிருக்காங்க, ஊனுகோல் இல்லாம நடக்க முடியாது. நடவுல குனியறதுங்கறது இனி இல்லைன்னு டாக்டரு சொல்லிட்டாராமா.

இதுக்குமேல ஒண்ணு சொல்றேன், அதுதானுங்க எனக்கு ஒரேயடியா அருவருப்பாப் போனது. சரசாத்தா தெனமும் அவ ஊட்டுக்குப் போறா. எங்க பொம்பளைங்க அந்த வீதிக்குள்ள போறதில்லைங்க. வேலைக்கு ஆளு வேணும்னா முக்குல நின்னு கூப்புடுவாங்க, வருவாங்க, அவ்வளவுதான். அதுக்குன்னு ஒரு மொறை இருக்குதில்ல. இவ உள்ள போறா. தண்ணி புடிச்சு வெக்கறா, வாசக் கூட்டறா. அங்கியே உக்காந்து டீக் குடிக்கறாளாமா. மாராக்காளுக்குத் தலை வாரிப் பின்னி உடறாளாமா. எங்க பங்காளி ஒருத்தன் வந்து எங்கிட்டக் கேக்கறான், "ஏப்பா, உன்ற ஊட்டுல ஆளில்லையா, உன்ற சம்சாரம் அங்க போயி வாசக் கூட்டுது"ன்னு. நான் மூஞ்சிய எங்க கொண்டு போயி வெக்கறது.

கேட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே கேட்டேன்.

"எதுக்குப் புள்ள தெனமும் அங்க போறே?"

அவ வெங்காயத் தாள் அரிஞ்சுக்கிட்டே, தலையத் தூக்காமச் சொன்னா. "நீங்க போகலையில்ல, அதுக்குத்தான்."

அது எனக்கு மனசுல நின்னுருச்சுங்க. என்ன பேச்சு அது. நான் போகோணுமா? பண்ணயத்துக்காரன் போயி நின்னா அவங்களுக்குத்தான் சங்கடம். ஆனா நீங்க போகலைன்னு ஒருத்தி சொல்லிட்டா, அப்பறம் போகாம இருக்க முடியுதா.

போன செவ்வாய்க்கெழமை, சரசாத்தா காட்டுல இருந்த நேரம், மத்தியானம், நான் போனேன். அந்த வீதிக்குள்ள நான் கால் வெச்சது அதுதான் மொத தடவை. டிரெய்லரக் கொண்டு போயி முக்குல நிறுத்துவேனே தவிர உள்ள போனதில்லை. எந்த ஊடுன்னு கூடத் தெரியலைங்க. இருவது வருசம் வேலைக்கு வந்தவ ஊடு எதுன்னு ஒரு புள்ளைகிட்டக் கேட்டுத்தான் போனேன்.

மாராக்கா உள்ளாற கட்டில்ல உக்காந்திருந்தா. என்னையப் பாத்ததும் ஊனுகோல எட்டிப் புடிச்சு எந்திரிக்கப் பாத்தா. வேண்டாம், உக்காருன்னேன். எளைச்சுப் போயிருந்தா. தலை மட்டும் நல்லா எண்ணெ வெச்சுப் பின்னியிருந்துது.

"கையி எப்படிங்க இருக்குது பண்ணாடி? வெரலு மடங்குதுங்களா?" அதத்தான் மொதல்ல கேட்டா.

ஊட்டுல இருந்து கெளம்பறப்ப என்னமோ பேசோணும்னு நெனச்சுத்தான் போனேன். அங்க போயி நின்னா ஒண்ணும் வரலை. அவ காலப் பாக்கக் கூடாதுன்னு அங்கயும் இங்கயும் பாக்கறேன். அப்பத்தான் கதவு கண்ணுல பட்டுது. கீழ்க் கீலு விட்டுப் போயி, கதவு தரையில தேச்சுக்கிட்டு நின்னுது. தரையில வட்டமாக் கோடு விழுந்திருக்குது. அத அந்த ஊனுகோலோட அவ எப்படித் தூக்கித் தூக்கிச் சாத்துவா. பாத்ததும் எனக்கு மனசு லேசாயிருச்சுங்க. இது நமக்குத் தெரிஞ்ச வேலை. ரெண்டே நிமிசம். சட்டைப் பையில கையி போச்சு, ஒரு துண்டுக் கம்பி எப்பவும் இருக்கும். அப்படியே மண்டி போட்டு உக்காந்து, எடது கையில கதவத் தூக்கி, தோள்ல முட்டுக் குடுத்துக்கிட்டேன்.

"வேண்டாமுங்க பண்ணாடி"ன்னா.

"இரு, ரெண்டு நிமிசம். ஒண்ணும் பெரிய வேலையில்லை."

"வேண்டாமுங்க. இருக்கட்டும்."

"ஒத்தக் கையிலயே பண்ணிருவேன், நீ பாரு."

கம்பிய விட்டு முறுக்கப் போறேன். கட்டில் கிரீச்சுன்னுது. அவ எந்திரிச்சுட்டா. ஊனுகோல் கூட எடுக்கலை, செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னு, ரெண்டு கையையும் சேத்து என்னையக் கும்புட்டாங்க.

"பண்ணாடி, உங்களக் கும்புட்டுக் கேட்டுக்கறேன். விட்டுருங்க. கொழந்தைங்க வெளையாடற எடமுங்க இது."

கோவமாச் சொல்லலை. கோவமாச் சொல்லியிருந்தா நானும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லிட்டு வந்திருப்பேன். பயந்துதான் சொன்னா. கால் ஒடைஞ்சு கெடந்தப்பக் கூட அவ மூஞ்சியில அந்தப் பயத்த நான் பாக்கலை. நான் கதவ மெதுவாக் கீழ எறக்கி வெச்சுட்டு எந்திரிச்சேன். மண்டி போட்டிருந்த எடத்துல வேட்டியெல்லாம் மண்ணு. அதத் தட்டறதா வேண்டாமான்னு கூடத் தெரியலை. வந்துட்டேன்.

என்னங்க கேட்டீங்க? மன்னிப்பா? மன்னிப்புக் கேட்டியான்னா கேக்கறீங்க?

அதெல்லாம் எனக்குக் கேட்டுப் பழக்கமில்லீங்க. எப்படிக் கேக்கறதுன்னே தெரியாது. அதுக்குத்தான் கதவச் சரி பண்ணப் பாத்தேன். அவ அத வேண்டாம்னுட்டா.